இயல்பான இழப்பு

இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.
நகரத்து வாசலில்தான் அதற்கு
அழுகிய முட்டை நாற்றத்தைச் சேர்ப்பார்கள்,
அடுப்படியில் யாராவது மூக்கைச் சுளிக்கட்டும் என்று.
இங்கே, உஸ்த்யுர்ட் மேட்டில்,
மூவாயிரம் கிலோமீட்டர் பயணத்தின் நடுவில்,
அது வருவதும் தெரியாது
போவதும் தெரியாது.

பதினொரு ஆண்டுகள்
பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை நான்தான் நிரப்பினேன்.
உள்ளே வந்தது இவ்வளவு, வெளியே சென்றது இவ்வளவு,
இடையில் காணாமல் போனதற்கு
அச்சடித்தே தந்திருந்தார்கள் ஒரு பெயர்:
இயல்பான இழப்பு.
கீழே என் கையெழுத்து.

பொத்தாகோஸ் மே மாதம் வந்தாள்.
ஒட்டகக் கன்றின் கண் என்று அந்தப் பெயருக்குப் பொருள்.
கழுத்தில் இன்னொரு கண் தொங்கியது,
ஒரு லாரியின் விலை அதற்கு.
முதல் நாளே என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள்.

நான் தினமும் சாய்ந்து தேநீர் குடிக்கும்
வால்வின் கழுத்திலிருந்து
கரும்புகைபோல ஒன்று
அவசரமே இல்லாமல் எழுந்துகொண்டிருந்தது.
கேமராவை விலக்கினால் வெறும் வானம்.
வைத்தால் புகை.
விலக்கினால் வானம்.
ஏழெட்டு முறை செய்திருப்பேன்.

கோடையிலும் அந்த வால்வு
உறைபனித் தாடி வளர்ப்பதை
நாங்கள் கேலி பேசுவதுண்டு.
அவள் சிரிக்கவில்லை.
ஸ்பானரை வைத்துக் கால் சுற்று.
மதியத்துக்குள் தாடி உருகிவிட்டது.

பதினொரு ஆண்டுகள்.
கால் சுற்று.

எல்லாம் அப்படி முடிவதில்லை.
அக்டோபரில் ஒரு வெல்டிங் தையலில் விரிசல்.
இரண்டு வால்வுகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டரைக்
காலி செய்ய வேண்டும்.
எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி
மேலே திறந்துவிடுவது.
வானத்தைக் கிழிக்கும் ஊளை,
சிதறி ஓடும் ஓராஸ்பாயின் குதிரைகள்,
பன்னிரண்டு லட்சம் கனமீட்டர் வாயு.
காற்றில் பறக்கவிடுவது என்று
வாக்குறுதிகளைச் சொல்வார்கள்;
நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தோம்.

வண்டி வரட்டும் என்றாள் பொத்தாகோஸ்.
உறிஞ்சி அடுத்த பகுதிக்குள் தள்ளுகிற கம்ப்ரசர் வண்டி,
நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றது.
நிலையத் தலைவர் சகிந்திக்
தாமதத்துக்கான அபராதத்தை ஒரு தாளில் எழுதி
அவள் முன் நகர்த்தினார்.
அதே தாளில், அதற்குக் கீழே,
பறக்கப்போகும் வாயுவின் விலையை எழுதி
அவள் திருப்பி நகர்த்தினாள்.
வேறொன்றும் பேசவில்லை.

கேன்டீனில் என்னிடம் மட்டும் சொன்னாள்:
"இருபது வருஷக் கணக்கில்
கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு சுடுகிற போர்வை இது.
அவரிடம் சொன்னால்
ஜன்னலைத் திறந்து பனியைக் காட்டுவார்."

வண்டி சேற்றில் இரண்டு இரவு சிக்கிக் கிடந்தது.
சகிந்திக் என்னிடமும் பேசுவதை நிறுத்தினார்.
பிறகு வந்தது, ஒரு பக்கக் கண்ணாடி இல்லாமல்.
நாற்பது மணி நேரம் உறுமியது.
ஐம்பத்திரண்டில் இருந்த முள்
முப்பது, பதினாறு, ஏழு.
ஏழுக்குக் கீழே இழுக்க அதற்குத் தெம்பில்லை.
மிச்சத்தைத் திறந்துவிட்டோம்.
அதையும் படம் பிடித்தாள்.
"எழுதுங்கள்" என்றாள்.

ஒன்றரை லட்சம் என்று எழுதினேன்.
அச்சடித்த பெயரின் முதல் சொல்லைப்
பேனாவால் அடித்தேன்.
மை அடுத்த பக்கத்துக்கும் ஊறிவிட்டது.

மறுநாள் ஓராஸ்பாய் வந்தார்.
"நாலு நாளாகக் குதிரைகளைக் கட்டியே வைத்திருக்கிறேன்.
எப்போதுதான் ஊளையிடப் போகிறீர்கள்?"
முடிந்துவிட்டது என்றேன்.
"நேற்று மாடு இருமுவதுபோல ஏதோ கேட்டதே, அதுவா?"
அதுதான்.
நம்பாமல் மேலே பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
வெறும் வானம்.

கேமரா அவளிடம் இருந்தது.
அவள் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி
வேறொரு வால்வின் முன்னால்.